டால்டா டப்பாவுக்குள் ஒளிந்திருக்கும் நிக்கல்: யார் இந்த பால் சபாட்டியே?

ஒரு காலத்தில் நம்ம ஊர் வீடுகளில் டால்டா தீர்ந்தாலும் டால்டா டப்பா மட்டும் தீராது. மிளகாய்த்தூள் போட்டு வைக்க, அரிசி அளக்க, துளசிச் செடி வைக்க என்று அந்த மஞ்சள் டப்பாவுக்கு ஏதாவது ஒரு வேலை இருந்துகொண்டே இருக்கும். ஆனால் அந்த டப்பாவுக்குள் இருந்த வெள்ளைக் கொழுப்பு எப்படி உருவானது என்று யாரும் பெரிதாக யோசித்ததில்லை.

தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் தானாக உறையும். நல்லெண்ணெய் அப்படி உறையாது, கடலை எண்ணெயும் சுலபத்தில் உறையாது. அப்படிப்பட்ட எண்ணெயை நெய் போலக் கெட்டியாக்க ஒரு உலோகம் வேண்டியிருந்தது. அதுதான் நிக்கல். அந்த நிக்கலின் குணத்தை உலகத்துக்குக் காட்டியவர் பால் சபாட்டியே என்ற பிரெஞ்சு வேதியியல் பேராசிரியர். 1912-ல் நோபல் பரிசு வாங்கியவர்.

டால்டாவோடு அவர் கதை முடிந்துவிடவில்லை. இன்று மருந்து மூலக்கூறுகளை வெட்டி ஒட்டும் வேதியியலில் நிக்கல் சேர்மங்கள் பெரிய அளவில் பேசப்படுகின்றன. அதன் அடிப்படை யோசனையும் அவர் விடாமல் சொல்லி வந்த ஒன்றுதான். யார் இவர்? என்ன செய்தார்? விரிவாகப் பார்க்கலாம்.

தெற்கத்திப் பையன்

பால் சபாட்டியே 1854 நவம்பர் 5-ம் தேதி, பிரான்ஸின் தெற்கே உள்ள கார்க்காசோன் நகரத்தில் பிறந்தார். பழைய கோட்டைக்குப் பெயர் போன ஊர் அது. படிப்பில் கெட்டி. பாரிஸின் புகழ்பெற்ற எக்கோல் நோர்மால் கல்லூரியில் 1874-ல் சேர்ந்து, 1877-ல் இயற்பியல் ஆசிரியர் தேர்வில் முதலிடம் பிடித்தார்.

பிறகு நீம் நகரப் பள்ளி ஒன்றில் ஒரு வருடம் பாடம் நடத்தினார். அடுத்து பாரிஸில் மார்செலின் பெர்த்தெலோ என்ற பெரிய வேதியியல் அறிஞரிடம் உதவியாளர் வேலை. 1880-ல் டாக்டர் பட்டம் கிடைத்தது. பாரிஸிலேயே தங்கியிருந்தால் பெரிய பதவிகள் வரிசையாக வந்திருக்கும். அவரோ தெற்குப் பக்கமே திரும்பினார்.

போர்தோவில் ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு, 1882-ல் துலூஸ் நகருக்கு வந்தார். 1884-ல், 30 வயதில், அங்கே வேதியியல் பேராசிரியர் ஆனார். அதன் பிறகு சாகும் வரை அந்த ஊரை விட்டு அவர் நகரவே இல்லை.

கூச்ச சுபாவம் கொண்டவர். தோட்டம் என்றால் அவ்வளவு ஆசை. 4 மகள்கள். 1898-ல் மனைவி இறந்துபோனார். அவருடைய பெரிய கண்டுபிடிப்புகள் எல்லாம் வந்தது, வீட்டில் அந்த இழப்பு நடந்த அதே ஆண்டுகளை ஒட்டித்தான்.

நிக்கலைக் 'கரைத்த' ஒரு வாயு

சபாட்டியேவின் கவனம் நிக்கல் பக்கம் திரும்பியதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு சம்பவம் காரணம். அங்கே லுட்விக் மோண்ட் என்ற தொழிலதிபர் தன் ஆலையில் இருந்த நிக்கல் வால்வுகள் அரித்துப் போவதைக் கவனித்தார். ஏன் என்று தோண்டித் துருவியதில் 1890-ல் விடை கிடைத்தது. கார்பன் மோனாக்சைடு வாயு, நிக்கலோடு சேர்ந்து எளிதில் ஆவியாகும் ஒரு திரவத்தை உண்டாக்குகிறது. அதன் பெயர் நிக்கல் கார்பனைல்.

நினைத்துப் பாருங்க. கெட்டியான உலோகம், ஒரு வாயுவோடு கைகோர்த்து 43 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும் திரவமாகிவிடுகிறது. இன்னும் சூடாக்கினால் வாயுவை விட்டுவிட்டு மறுபடியும் சுத்தமான நிக்கலாகப் படிகிறது. மோண்ட் இதை வைத்து நிக்கலைச் சுத்திகரிக்கும் தொழிலையே தொடங்கினார். ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: நிக்கல் கார்பனைல் கடுமையான விஷம்.

நடுவில் ஒரு உலோக அணு, அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கும் மூலக்கூறுகள். இந்த அமைப்பைத்தான் வேதியியலில் அணைவுச் சேர்மம் என்கிறார்கள். மோண்டின் கண்டுபிடிப்பைப் படித்ததும் சபாட்டியேவுக்கு ஒரு கேள்வி எழுந்தது. கார்பன் மோனாக்சைடை இப்படிப் பிடித்து விடும் நிக்கல், வேறு வாயுக்களையும் பிடிக்குமா?

1897: குழாய்க்குள் நடந்த அதிசயம்

இதே காலத்தில் பாரிஸில் ஆன்றி முவாசான், ஷார்ல் மூரூ என்ற இரு விஞ்ஞானிகள் சூடான நிக்கல் மேல் அசிட்டிலீன் வாயுவைச் செலுத்திப் பார்த்தார்கள். நிக்கல் தகதகவென்று ஒளிர்ந்தது, கரி படிந்தது. அவர்கள் எதிர்பார்த்த புதுச் சேர்மம் மட்டும் வரவில்லை. அதோடு அவர்கள் அந்த வேலையை விட்டுவிட்டார்கள்.

சபாட்டியே உடனே அதில் கை வைக்கவில்லை. அவர்கள் தொடரப் போவதில்லை என்பதை உறுதி செய்துகொண்ட பிறகே தன் சோதனையைத் தொடங்கினார். துணைக்கு இருந்தவர் ழான்-பாப்டிஸ்ட் செண்டரன்ஸ். துலூஸின் கத்தோலிக்கக் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்த ஒரு பாதிரியார்.

1897-ல் இருவரும் சூடாக்கிய நிக்கல் தூள் மேல் எத்திலீன் வாயுவைச் செலுத்தினார்கள். இங்கேயும் கரி படிந்தது. ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை. குழாயின் மறுமுனையில் வந்த வாயுவைச் சோதித்துப் பார்த்தார்கள். அதில் பெரும்பகுதி ஈத்தேன்!

இது ஏன் பெரிய விஷயம்? எத்திலீனைவிட ஈத்தேனில் 2 ஹைட்ரஜன் அணுக்கள் அதிகம். அவை எங்கிருந்து வந்தன? எத்திலீனில் ஒரு பகுதி கரியாகவும் ஹைட்ரஜனாகவும் உடைந்திருக்கிறது. அந்த ஹைட்ரஜனை எடுத்து மீதி எத்திலீனில் நிக்கல் ஒட்டியிருக்கிறது. அதாவது பாரிஸ்காரர்கள் கரியைப் பார்த்துத் திரும்பிவிட்ட இடத்தில், துலூஸ்காரர்கள் வாயுவைப் பார்த்துத் தொடர்ந்தார்கள்.

அடுத்தது சுலபமான யோசனை. எத்திலீனோடு ஹைட்ரஜனையும் நாமே சேர்த்து அனுப்பினால் என்ன? அனுப்பினார்கள். முன்பைவிடக் குறைந்த சூட்டிலேயே எத்திலீன் சுத்தமாக ஈத்தேனாக மாறியது. நிக்கல் அப்படியே இருந்தது. அடுத்த முறைக்கும் அதையே பயன்படுத்தலாம்.

1901-ல் இன்னும் பெரிய வெற்றி. பென்சீன் ரொம்பப் பிடிவாதமான மூலக்கூறு. லேசில் எதையும் தன்னோடு சேர்க்காது. அதையும் நிக்கல் மேல் ஹைட்ரஜனோடு அனுப்பி சைக்ளோஹெக்ஸேனாக மாற்றிக் காட்டினார்கள். 1902-ல் கார்பன் டை ஆக்சைடையும் ஹைட்ரஜனையும் சேர்த்து மீத்தேனும் தண்ணீரும் எடுத்தார்கள். இன்று அதற்குப் பெயரே 'சபாட்டியே வினை'.

நிக்கல் உண்மையில் என்ன செய்கிறது?

இங்கேதான் சபாட்டியேவுக்கும் அன்றைய வேதியியல் உலகத்துக்கும் முட்டிக்கொண்டது.

வினையூக்கி என்றால் வினையை வேகப்படுத்தும், ஆனால் தான் மாறாது என்று பள்ளியில் படித்திருப்போம். அப்படியானால் அது சும்மா பக்கத்தில் நிற்கிறதா? உலோகத் தூள் ஒரு ஸ்பாஞ்ச் மாதிரி வாயுக்களை உறிஞ்சி நெருக்கி வைக்கிறது, அந்த நெருக்கத்திலும் சூட்டிலும் வினை நடக்கிறது என்பதுதான் அன்று பலர் நம்பிய விளக்கம். அதில் உலோகத்துக்கு வேதியியல் ரீதியாக எந்தப் பங்கும் இல்லை.

சபாட்டியே அதை ஏற்கவில்லை. வெறும் ஸ்பாஞ்ச் வேலை என்றால் வாயுவை உறிஞ்சும் எந்தப் பொருளும் இதைச் செய்ய வேண்டுமே? ஒரு உலோகம் ஒரு வேலையைச் செய்கிறது, இன்னொன்று வேறு வேலையைச் செய்கிறது. எனவே நிக்கல் ஹைட்ரஜனோடு தற்காலிகமாக ஒரு சேர்மத்தை உருவாக்குகிறது, பிறகு அந்த ஹைட்ரஜனை அடுத்த மூலக்கூறுக்குக் கொடுத்துவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்றார். நிக்கல் வேடிக்கை பார்க்கவில்லை. இறங்கி வேலை செய்கிறது.

இதைப் புரிந்துகொள்ள திருத்தணிக்குப் போகலாம். முருகன் கோயிலுக்கு 365 படிகள். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில், செங்குத்தான ஒரு இடத்தில் நின்று வயதானவர்களுக்குக் கை கொடுத்து ஏற்றிவிடும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கையைப் பிடிக்கவே இல்லை என்றால் உதவி இல்லை. பிடித்த கையை விடவே இல்லை என்றாலும் சிக்கல்தான். அந்தப் பாட்டி மேலே போக முடியாது, அடுத்தவரும் ஏற முடியாது. பிடிக்கவும் வேண்டும், சரியான நேரத்தில் விடவும் வேண்டும்.

நல்ல வினையூக்கியும் அப்படித்தான். மூலக்கூறோடு அது போடும் பிணைப்பு ரொம்ப இறுக்கமாகவும் இருக்கக் கூடாது, ரொம்பத் தளர்வாகவும் இருக்கக் கூடாது. இதை இன்றும் 'சபாட்டியே கோட்பாடு' என்றே சொல்கிறார்கள்.

அந்தத் தற்காலிகச் சேர்மத்தை அவரால் கண்ணால் காட்ட முடியவில்லை. அதற்கான கருவிகள் அன்று கிடையாது. பின்னால் வந்த மேற்பரப்பு வேதியியல் ஆய்வுகள், ஹைட்ரஜன் மூலக்கூறு நிக்கல் மேல் பட்டதும் உடைந்து, தனித்தனி அணுக்களாக உலோகத்தோடு பிணைந்து நிற்பதைக் காட்டின. அவர் எழுதிய சூத்திரங்கள் அப்படியே நிற்கவில்லை. ஆனால் பிடித்து, மாற்றி, விடுவது என்ற மையக் கருத்து நின்றுவிட்டது.

நோபல் பரிசும் விடுபட்ட பெயரும்

1912-ம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு இருவருக்குப் பாதி பாதியாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. ஒருவர் சபாட்டியே. இன்னொருவர் விக்டர் கிரின்யார். பிளஸ் 2 புத்தகத்தில் கிரிக்னார்டு வினைப்பொருள் என்று படித்திருப்போமே, அவரேதான்.

ஆனால் செண்டரன்ஸ் பெயர் அதில் இல்லை. முக்கியமான சோதனைகளில் எல்லாம் கூடவே இருந்தவர். 1905-ல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் ஜெக்கர் பரிசு இருவருக்கும் சேர்த்தே கிடைத்திருந்தது. பாடப் புத்தகங்களும் அந்த வினைக்கு இரண்டு பேருடைய பெயரையும் சேர்த்தே வைத்திருக்கின்றன. நோபல் பட்டியலில் மட்டும் பாதிரியார் இல்லை.

கிரின்யாருக்கே இதில் வருத்தம் உண்டு. சபாட்டியேவும் செண்டரன்ஸும் ஒரு பரிசைப் பகிர்ந்திருக்க வேண்டும், தானும் தன் ஆசிரியர் பார்பியேவும் இன்னொன்றைப் பகிர்ந்திருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

பாரிஸ் கூப்பிட்டது, அவர் போகவில்லை

1907-ல் முவாசான் இறந்ததும், பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் அவர் இடத்துக்கு சபாட்டியேவை அழைத்தார்கள். அன்றைய பிரான்ஸில் அறிவியல் என்றாலே பாரிஸ்தான். அந்த நாற்காலியை வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சபாட்டியே சொன்னார்.

நம்ம பக்கத்தில் இதற்கு நேர் எதிரான ஒரு வாழ்க்கை உண்டு. 1888-ல் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், ஆக்ஸ்போர்டு பேராசிரியர், குடியரசுத் தலைவர் என்று ஊரை விட்டுப் போய் உயர்ந்தார். திருத்தணியின் பெயரும் அவரோடு சேர்ந்து வெளியே போனது. சபாட்டியே இருந்த இடத்திலேயே இருந்து, உலகத்தைத் தன் ஊரைத் திரும்பிப் பார்க்க வைத்தார்.

1905 முதல் 1929 வரை துலூஸ் அறிவியல் புலத்தின் தலைவராக இருந்தார். வேதியியல், மின்பொறியியல், வேளாண்மை என மூன்று கல்வி நிறுவனங்கள் அவர் முயற்சியில் அந்த நகரத்தில் உருவாயின.

பாரிஸில் வசிப்பவர்களே அறிவியல் கழகத்தின் முழு உறுப்பினர் ஆக முடியும் என்று ஒரு விதி இருந்தது. 1913-ல் வெளியூர்க்காரர்களுக்காகப் புதிதாக 6 இடங்கள் உருவாக்கப்பட்டன. அதில் முதலில் தேர்வானவர் சபாட்டியே.

டால்டாவுக்கு எப்படி வந்தது நிக்கல்?

சபாட்டியே தன் வினைகளை வாயு நிலையிலேயே செய்தார். எண்ணெய் போன்ற திரவத்தில் இதே வித்தையைக் காட்டியவர் ஜெர்மனியின் வில்ஹெல்ம் நோர்மான். திரவ எண்ணெயில் நிக்கல் தூளைக் கலந்து ஹைட்ரஜனைச் செலுத்தினால் எண்ணெய் கெட்டிக் கொழுப்பாகும் என்று 1902-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். தொழில் வளர்ந்தது. அடிப்படையைக் கண்டுபிடித்த சபாட்டியேவுக்கு அந்தப் பெரிய வியாபாரம் கிடைக்கவில்லை.

1911-ல் அமெரிக்காவில் கிரிஸ்கோ வந்தது. இந்தியாவில் 1930களில் வனஸ்பதி ஆலை தொடங்கி, 1937-ல் டால்டா சந்தைக்கு வந்தது. நெய் வாங்க முடியாத வீடுகளில் அது நெய்யின் இடத்தைப் பிடித்தது.

நெய்யில் வனஸ்பதியைக் கலந்து விற்கும் தில்லுமுல்லும் கூடவே வந்தது. அதைக் கண்டுபிடிக்க அரசு ஒரு வழி செய்தது. வனஸ்பதியில் குறைந்தது 5% நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று விதி போட்டது. நல்லெண்ணெய் ஒரு சோதனையில் சிவப்பு நிறம் காட்டும். எனவே நெய்யில் வனஸ்பதி கலந்திருந்தால் மாட்டிக்கொள்ளும்.

பாதியில் கைவிட்டால் வரும் ஆபத்து

பிடித்து விடும் அதே குணத்தில்தான் ஒரு கெடுதலும் இருந்தது. எண்ணெய் மூலக்கூறில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. இயற்கையில் அந்த இடத்தில் மூலக்கூறு பெரும்பாலும் வளைந்திருக்கும். நிக்கல் அதைப் பிடித்து ஹைட்ரஜனைச் சேர்க்கும்போது இரட்டைப் பிணைப்பு போய்விடுகிறது, கொழுப்பு கெட்டியாகிறது.

ஆனால் எண்ணெயை முழுதாகக் கெட்டியாக்காமல் பாதியில் நிறுத்துவார்கள். அப்போது சில மூலக்கூறுகளை நிக்கல் பிடித்து, ஒரே ஒரு ஹைட்ரஜனைச் சேர்த்து, பிறகு ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டு விட்டுவிடும். இரட்டைப் பிணைப்பு மறுபடியும் வந்துவிடும், ஆனால் வளைவு நிமிர்ந்துபோய் இருக்கும். இதுதான் டிரான்ஸ் கொழுப்பு.

இது கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டி, நல்ல கொலஸ்ட்ராலைக் குறைத்து, மாரடைப்பு அபாயத்தை அதிகரிக்கிறது. சபாட்டியே காலத்தில் யாருக்கும் இது தெரியாது. இந்தியாவில் 2022 ஜனவரி 1 முதல் எண்ணெய், கொழுப்புகளில் தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. உணவுப் பாக்கெட்டின் பின்புறம் டிரான்ஸ் கொழுப்பு அளவு எழுதியிருக்கும். வாங்கும் முன் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

60 ஆண்டுகள் கழித்து சேர்ந்த இரண்டு நோபல்கள்

1912-ல் நிக்கலுக்கு ஒரு பாதி, கிரிக்னார்டு வினைப்பொருளுக்கு ஒரு பாதி என்று பரிசு பிரிந்தது அல்லவா? சரியாக 60 ஆண்டுகள் கழித்து அந்த இரண்டு பாதியும் ஒரே குடுவையில் சேர்ந்தன.

1972-ல் ஜப்பானின் கியோட்டோவில் மகோத்தோ குமாடா குழுவும், பிரான்ஸின் மோன்பெலியே நகரில் ரோபேர் கோரியு குழுவும் தனித்தனியாக ஒன்றைக் கண்டுபிடித்தன. கொஞ்சமே கொஞ்சம் நிக்கல் சேர்மம் போட்டால், கிரிக்னார்டு வினைப்பொருளில் இருக்கும் கார்பனையும் வேறொரு மூலக்கூறின் கார்பனையும் நேரடியாக ஒட்ட முடியும். மோன்பெலியே, சபாட்டியேவின் அதே தென் பிரான்ஸ்தான். இதுதான் கிராஸ் கப்ளிங்.

கப்ளிங் என்ற வார்த்தையை ரயில்வேக்காரர்களிடம் கேட்டிருப்போம். திருத்தணிக்குப் பக்கத்து அரக்கோணம் போன்ற ஜங்ஷன்களில் ஷண்டிங் இன்ஜின் என்ன செய்யும்? ஒரு பெட்டியைப் பழைய வண்டியிலிருந்து கழற்றும். இழுத்து வந்து இன்னொரு பெட்டியோடு கோர்க்கும். கோர்த்ததும் தான் விலகி அடுத்த வேலைக்குப் போய்விடும். அது அந்த வண்டியோடு ஊருக்குப் போவதில்லை.

நிக்கல் அணைவுச் சேர்மமும் இதையே செய்கிறது. முதலில் கார்பனுக்கும் குளோரினுக்கும் நடுவே புகுந்து பிணைப்பை உடைக்கிறது. பிறகு கிரிக்னார்டு வினைப்பொருளிலிருந்து இன்னொரு கார்பனை வாங்கிக்கொள்கிறது. கடைசியில் இரண்டு கார்பனையும் கோர்த்துவிட்டு, தான் வெளியே வருகிறது. சபாட்டியே வாதாடிய தற்காலிகச் சேர்மம் இங்கே ஒவ்வொரு படியிலும் இருக்கிறது.

2010-ல் கிராஸ் கப்ளிங் வேதியியலுக்கு நோபல் கிடைத்தது. ரிச்சர்ட் ஹெக், எய்-இச்சி நெகிஷி, அகிரா சுசுகி ஆகிய மூவரும் பல்லேடியத்தை வைத்துச் செய்த வேலைக்கு அந்தப் பரிசு. ரத்த அழுத்த மாத்திரையான லோசார்டன் தயாரிப்பிலும் இந்த வகை வினை பயன்பட்டிருக்கிறது.

ஆனால் பல்லேடியத்தின் விலை நிக்கலைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல். அதனால்தான் ஆய்வாளர்கள் நிக்கல் பக்கம் திரும்புகிறார்கள். விலை மட்டுமே காரணம் இல்லை. கார்பன்–ஆக்சிஜன் போன்ற உறுதியான பிணைப்புகளையும் நிக்கல் உடைக்கும். 1979-ல் எர்னஸ்ட் வெங்கெர்ட் குழு இதைக் காட்டியது. மரக்கட்டையில் இருக்கும் லிக்னினை உடைத்துப் பயனுள்ள பொருட்கள் எடுக்கும் ஆராய்ச்சிக்கும் இதுவே வழி காட்டுகிறது.

சிக்கல்களும் உண்டு. பல நிக்கல் சேர்மங்கள் காற்றுப் பட்டாலே கெட்டுவிடும். நிக்கல் சிலருக்கு ஒவ்வாது. கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகிறதே, அதற்கு நிக்கல் ஒரு முக்கியக் காரணம். எனவே மருந்தில் நிக்கல் மிச்சம் இல்லாமல் பிரித்தெடுப்பதும் அவசியம்.

விண்வெளி வரை போன வினை

சபாட்டியேவின் 1902-ம் ஆண்டு வினை பூமியைத் தாண்டியும் போயிருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் வீரர்கள் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடை ஹைட்ரஜனோடு சேர்த்துத் தண்ணீர் எடுக்கும் கருவி 2010-ல் பொருத்தப்பட்டது. செவ்வாய்க் கிரகத்தின் காற்றிலிருந்தே ராக்கெட் எரிபொருளான மீத்தேனைத் தயாரிக்கும் திட்டங்களும் இந்த வினையை நம்பித்தான் இருக்கின்றன.

இது எதையும் சபாட்டியே பார்க்கவில்லை. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941 ஆகஸ்ட் 14-ம் தேதி, 86 வயதில், அதே துலூஸில் காலமானார். பின்னாளில் அந்த ஊரில் ஒரு பல்கலைக்கழகத்துக்கே அவர் பெயர் வைக்கப்பட்டது.

மூலக்கூறை வினையூக்கி ஒரு நிமிஷம் பிடித்துக்கொள்கிறது என்று அவர் சொன்னபோது அது நிரூபிக்க முடியாத ஊகம். இன்று ஆய்வகங்களில் புது நிக்கல் சேர்மம் ஒன்றை வடிவமைக்க உட்காரும்போது முதலில் கேட்கும் கேள்வியே அதுதான்: இது எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும், எப்போது விடும்?